அத்தையின் எட்டுக் குடைகள்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஆளுக்கு இரண்டு குடை இருந்தது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று வீட்டில் இருந்ததே நான்கு பேர். எட்டுக் குடை. அதோடு எட்டுத் துடைப்பம், எட்டு ஜோடி ரப்பர் செருப்பு. செருப்பு எல்லாமே ஏழாம் நம்பர். அப்பாவுக்கு மட்டும்தான் அந்த அளவு சரி. மற்ற மூன்று பேரும் காலை இழுத்து இழுத்து நடந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள், “கடை ஏதாவது வைக்கப் போறீங்களா?” என்று கேட்பார்கள். “இல்லைங்க, எங்க வீட்ல மேக்ரோ படிக்கிறாங்க” என்பாள் அம்மா. கேட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாது.

படித்தது நானும் அத்தையும். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு முப்பத்தொன்பது. நான் முதல் தடவை படித்தேன், அவள் மூன்றாவது தடவை.

அத்தை ஒல்லி, குரல் மட்டும் கனம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், “வந்தவங்க எல்லாம் சொன்ன விலைக்கு நான் ஒத்துக்கல” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது. அதை அவள் சத்தம் போட்டுச் செய்யமாட்டாள். பொருளைக் கையில் எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், விலையைக் கேட்பாள். கேட்டதும் ஒரு பெருமூச்சு. பிறகு வாயே திறக்காமல் நிற்பாள். கடைக்காரர் தானாகவே ஐந்து குறைப்பார். அப்போதும் நிற்பாள். இன்னும் மூன்று குறைப்பார். “சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்” என்று ஒரு தொகையைச் சொல்லிப் பொருளைப் பைக்குள் போட்டுவிடுவாள். 

வீட்டில் யார் எதை வாங்கிவந்தாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். “முதல்ல என்ன சொன்னான்?” எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கமாட்டாள். கடைக்காரன் சொன்னதற்கும் நாம் கொடுத்ததற்கும் உள்ள இடைவெளியை வைத்து நம் மூளையை எடைபோடுவாள். அப்பா புதுச் சட்டை வாங்கினால் அதை இரண்டு முறை துவைத்துக் கசக்கிவிட்டுத்தான் வீட்டில் போடுவார். அவ்வளவு பயம்.

அவளுக்கு வேலை குடிநீர் இணைப்பு அலுவலகத்தில். குழாயில் தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று வருகிற மனுக்களை வாங்கி, தெருவாரியாகப் பிரித்து, எண் போட்டு அடுக்க வேண்டும். பதினாறு வருடமாக அதைத்தான் செய்தாள். பதினாறு வருடமும் தற்காலிகம். நிரந்தரப் பணியாளர்கள் கையெழுத்துப் போட தலைமை எழுத்தரின் மேசைமேல் சிவப்புத் துணி அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. தற்காலிகங்களுக்கு ஜன்னல் ஓரம் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. அத்தை அதைக் கயிற்று நோட்டு என்பாள். காற்றடித்தால் அது சுற்றும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கையெழுத்துப் போட வேண்டும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், அதுவும் நாற்பது வயது முடிவதற்குள். அதற்காகத்தான் காலைக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறரை மணிக்கு வகுப்பு, ஒன்பது மணிக்கு முடிந்துவிடும், பத்து மணிக்கு அலுவலகம். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். மைக்ரோ பொருளாதாரத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். நாடு முழுவதையும் மொத்தமாகக் கணக்குப் பார்க்கிற மேக்ரோ பொருளாதாரம் மட்டும் காலை வாரிவிட்டது. முதல் தடவை நூற்றுக்கு முப்பத்தொன்று, இரண்டாம் தடவை முப்பத்து நான்கு. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி.

“மைக்ரோல ஒரு கடைக்காரன் இருக்கான், வாங்குறவ இருக்கா. என்ன நடக்குதுன்னு புரியுது. இதுல ஆளையே காணோம்டி. எல்லாரையும் கூட்டிப் போட்டு ஒரு கோடு கிழிச்சு வெச்சிருக்கான். கோட்டுகிட்ட போய் என்ன பேசுறது?” என்பாள்.

அந்த வருடம் விதி மாறியது. எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து, செய்முறைத் திட்டம் ஒன்றுக்கு இருபத்தைந்து. பாக்கி வைத்திருப்பவர்களும் வகுப்புக்கு வந்து திட்டத்தைச் செய்ய வேண்டும். அத்தைக்கு உயிர் வந்தது. தேர்வில் இருபதைத் தாண்டிவிட்டால் போதும், திட்டத்தில் இருபது வாங்கிக் கரையேறிவிடலாம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். வயது வரம்புக்குள் அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வு அதுதான். இது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்றைக்கும் அந்தக் காலை வகுப்பை நினைத்தால் எனக்குச் சுண்ணக்கட்டி வாசனைதான் வருகிறது. பாதித் தூக்கத்தில் நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு டியூப்லைட் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். எங்கள் விரிவுரையாளருக்குச் சராசரி சார் என்று பெயர் வைத்திருந்தோம். எந்தச் சந்தேகம் கேட்டாலும் “சராசரியா பார்த்தா” என்றுதான் தொடங்குவார். உயரம், எடை, பேச்சு, சட்டையின் நிறம் எல்லாமே அதற்கேற்ற மாதிரி நடுவாந்திரம். அத்தையைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவளைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் உதறல்.

வருமானச் சுழற்சி என்று ஒரு படம் போடுவார். ஒரு பக்கம் குடும்பங்கள், மறுபக்கம் நிறுவனங்கள். உழைப்பு இப்படிப் போகும், கூலி அப்படி வரும். 

“சார், இதுல தற்காலிகம் எங்க வரும்?” என்று அத்தை எழுந்தாள்.

“சராசரியா பார்த்தா எல்லா உழைப்பும் ஒண்ணுதான்மா.”

“அப்ப எங்க ஆபீஸ்ல வந்து சொல்லுங்க சார்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்த அம்புக்குறிகளை அத்தை தன் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டாள். ஆனால் குடும்பம் என்று எழுதிய கட்டத்துக்குள் நான்கு பேரைக் குட்டி குட்டியாக வரைந்திருந்தாள். அதில் ஒருத்தி கையில் பையோடு இருந்தாள். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

செய்முறைத் திட்டம் விலைவாசிக் குறியீட்டெண். பதினைந்து பொருளைப் பட்டியல் போட்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார். அரிசி, சர்க்கரை, தக்காளி, வெங்காயம், முட்டை, சோப்பு, நோட்டுப் புத்தகம், பல்பு, துடைப்பம், ரப்பர் செருப்பு, குடை என்று போகும். எட்டு சனிக்கிழமை, அதே மார்க்கெட், அதே கடை, அதே ரகம். முதல் வாரத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, எட்டாவது வாரத்தில் விலை எங்கே போய் நிற்கிறது என்று கணக்கிட வேண்டும். 

“ஒரு மார்க்கெட்டுக்கு ரெண்டு பேர். தனித்தனியா போகணும். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாது. அப்பதான் நான் சரிபார்க்க முடியும்” என்றார். எங்கள் வீட்டுப் பக்கத்து மார்க்கெட் அத்தைக்கும் எனக்கும் வந்தது.

அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். என்னிடம் ஒரு விலை பற்றியும் வாய் திறக்கமாட்டாள். திரும்பி வரும்போது பட்டியலில் இருந்த பதினைந்து பொருளும் பையில் இருக்கும். முதல் வாரம் வந்த குடையை அம்மா வாங்கி ஆணியில் மாட்டினாள். மூன்றாவது வாரம், “இந்த வீட்ல தூசியைவிட துடைப்பம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றாள். 

“விலை எழுதணும்ல?” என்றாள் அத்தை.

“கேட்டு எழுதினா போதாதா?”

“வாங்காம எப்படி அண்ணி விலை தெரியும்? அவன் வாயில வர்றதெல்லாம் விலையா?”

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அதை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போனேன். கடை கடையாக நின்று விலை கேட்டேன், எழுதினேன். மூன்றாவது சனிக்கிழமை கல்லூரி நாடகத்துக்கு ஒத்திகை இருந்தது. எனக்கு நாடகத்தில் வேடம்கூட இல்லை, திரை இழுக்கிற வேலை. இருந்தாலும் போனேன். அன்று மதியம் நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்து பதினைந்து விலையையும் நானே போட்டுக்கொண்டேன். போன வார விலையில் கொஞ்சம் கூட்டினேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள் என்பார்களே, அதுபோல என் பேனாவுக்கும் அன்று நரம்பில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. நான்காவது வாரம் ஒத்திகை இல்லை. அன்றும் போகவில்லை. ஆறு வாரமும் அதே மேசை. நம்பும்படியாக இருக்கட்டும் என்று வெங்காயத்தை மட்டும் ஒரு வாரம் இறக்கினேன்.

என் குறியீட்டெண் நூற்று ஆறு. சராசரி சார் எல்லோர் முன்னாலும் என் தாளைத் தூக்கிக் காட்டினார். இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. வகுப்பில் மற்றவர்களுக்கும் நூற்று நான்கு, நூற்று ஏழு என்று வந்திருந்தது.

அத்தைக்கு வந்தது எண்பத்து மூன்று.

“வகுப்பு முடிஞ்சதும் ஆசிரியர் அறைக்கு வாங்க” என்றார் அவளிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை. அவள் எங்கேயோ கூட்டலில் கோட்டை விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

“நாட்டுல எல்லா இடத்துலயும் விலை ஏறுது. உங்க ஒருத்தருக்கு மட்டும் பதினேழு சதவீதம் இறங்கியிருக்கு. நீங்க மார்க்கெட்டுக்குப் போனீங்களாம்மா?”

“போனேன் சார். வாங்கினேன். எட்டுக் குடை இருக்கு வீட்ல. வந்து எண்ணிப் பாருங்க.”

“குடையா?”

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் அதே கடைக்குப் போகப் போகக் கடைக்காரர்கள் பழகிவிட்டார்கள். பழகப் பழக அவள் பேரம் கூர்மையாகிவிட்டது. முதல் வாரம் நாற்பத்தெட்டுக்கு வாங்கிய குடையை எட்டாவது வாரம் முப்பத்தொன்பதுக்கு முடித்தாள். முடித்த விலையைத்தான் எழுதினாள். கடைக்காரர்கள் விலையை ஏற்றித்தான் சொன்னார்கள், அவள் விடவில்லை. நாட்டின் பணவீக்கத்தை ஒற்றை ஆளாக நின்று எட்டு வாரம் அடித்துத் துரத்தியிருக்கிறாள்.

சராசரி சாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார். “இது உங்க விலைம்மா. சராசரியா யார் போனாலும் கடைக்காரர் சொல்ற விலைதான் எனக்கு வேணும். படிவத்துல எழுதியிருக்கே, பேரம் பேசும் முன் விலைன்னு.”

அத்தை படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இதை ஏத்துக்க முடியாதும்மா. பூஜ்யம் போடறதைத் தவிர வேற வழியில்லை.”

“சார், அவங்க முதல்ல சொன்ன விலைதானே வேணும்? எனக்கு ஞாபகம் இருக்கு.”

“எது?”

“எல்லாம். எட்டு வாரமும்.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். அத்தை உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்ப்பாள், எழுதுவாள், திரும்பச் சுவரைப் பார்ப்பாள். பதினைந்து பொருள், எட்டு வாரம், நூற்று இருபது விலை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய இரும்புக் கட்டிலுக்கு அவன் முதலில் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும். பத்து மணி தாண்டியது. அலுவலகத்தில் கயிற்று நோட்டை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள், அரை நாள் சம்பளம் போச்சு. அதைப் பற்றி அவள் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

எழுதி முடித்த தாளை வாங்கிக்கொண்டு சராசரி சார் அலமாரியைத் திறந்தார். “சரிபார்க்கத்தானே ஒரு மார்க்கெட்டுக்கு ரெண்டு பேரைப் போட்டேன்” என்றபடி என் தாளை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நீயும் உள்ள வாம்மா” என்றார் என்னை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். முதல் வாரம் பதினைந்தும் சரி. இரண்டாவது வாரம் பதினைந்தும் சரி, ஒரு காசு பிசகவில்லை. அவருக்கே வியப்பு தாங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் விரல் நின்றது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நான்காவது, ஐந்தாவது, எட்டாவது வரை எதுவுமே பொருந்தவில்லை.

“ரெண்டு வாரம் ஞாபகம் இருந்திருக்கு. மத்ததை நீங்களா போட்டுட்டீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார்.

அத்தை என் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்றாவது வாரத்திலிருந்து கீழே படித்துக்கொண்டே போனாள். கடைக்காரர்களோடு காலம் தள்ளியவள் அவள். எந்த மார்க்கெட்டிலும் வெங்காயம் தவிர பதினான்கு பொருளும் வரிசை பிசகாமல் ஒரே அளவாக ஏறாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் தரையைப் பார்த்தேன்.

ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும், என்னைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கட்டும் என்றுகூட ஒரு மனம் நினைத்தது. நானாக வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

“ஆமா சார். எனக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும். மூணாவது வாரத்துல இருந்து குழம்பிட்டேன்” என்றாள் அத்தை.

“ரெண்டு வாரத்துக்கு வேணா ஆறு மார்க் போடறேன்மா.”

“சரி சார்.”

அவ்வளவுதான். பெருமூச்சு இல்லை, மௌனமாக நிற்கவில்லை, ‘எட்டாப் போடுங்க’ என்று கேட்கவில்லை. என் அத்தை தன் வாழ்நாளில் முதலில் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்காக ஒப்புக்கொண்டாள்.

இரண்டு பேரும் வாசல்வரை வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் அத்தை நின்றாள். கையைப் பார்த்தாள்.

“குடையை மேல விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வா. முப்பத்தொன்பதுக்கு வாங்கினது.”

வீட்டில் இன்னும் ஏழு இருக்கிறதே என்று வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். மாடி ஏறினேன். குடை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. சராசரி சார் அத்தையின் பெயருக்கு நேராக மதிப்பெண் போடப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் குடையை எடுத்தேன். திரும்பி இரண்டு அடி வைத்தேன். மறுபடி அவர் மேசைக்கே வந்தேன்.

“சார், மூணாவது வாரத்துல இருந்து நான் மார்க்கெட்டுக்கே போகல. அத்தை எழுதினதுதான் சரி.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் விலையெல்லாம் ரொம்ப அழகா ஏறியிருந்தது. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்” என்றார். பிறகு, “சராசரியா பார்த்தா வகுப்புல பாதிப் பேர் உன்னை மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. ஆனா நீதான் வந்து சொன்னே. இருந்தாலும் பூஜ்யம்தான் போடுவேன்.”

“போடுங்க சார்.”

அத்தைக்கு இருபத்தொன்று போட்டார். படிவத்தைப் படிக்காததற்கு நான்கு குறைத்துக்கொண்டார்.

கீழே வந்து குடையைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“நான் முடிச்ச பேரத்தைக் கலைக்க நீ யாருடி?”

“உன் வேலை அத்தை…”

“எனக்கு அந்தக் கயிறு நோட்டு பழகிப்போச்சு. உனக்குப் பதினெட்டு வயசு. பொய் எழுதினவள்னு பேரு வந்தா அதைத் துவைச்சாலும் போகாது. அதைத்தானேடி மறைச்சு விட்டேன்?”

தெருவென்றும் பார்க்காமல் நான் அழுதேன். அவள் குடையை விரித்தாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. என் முகத்தை யாரும் பார்க்காதபடி பிடித்துக்கொண்டு வீடுவரை கூட வந்தாள். அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எழுத்துத் தேர்வில் அத்தை எடுத்தது இருபத்து நான்கு. மொத்தம் நாற்பத்தைந்து. கோடுகளெல்லாம் அவளைப் பழிவாங்கத்தான் செய்தன, இருந்தாலும் கரை சேர்ந்தாள். அந்த ஆறு மதிப்பெண்ணோடு விட்டிருந்தால் முப்பதோடு நின்றிருக்கும். எனக்கு முப்பத்தேழு. மூன்று மதிப்பெண்ணில் தோல்வி. அப்பா காரணம் கேட்டபோது, “மேக்ரோ எங்க பரம்பரைக்கே ஆகாதுண்ணே” என்று அத்தை முந்திக்கொண்டாள்.

நாற்பது முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. முதல் நாள் சிவப்புப் பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்து இரண்டு வரியை அடைத்துக்கொண்டதாம். தலைமை எழுத்தர், “அடுத்தவங்களுக்கும் இடம் வேணும்மா” என்று முனகியிருக்கிறார். “பதினாறு வருஷமா காத்துல ஆடிட்டே போட்ட கையெழுத்து சார், பழக்கம் போக நாளாகும்” என்றாளாம். சாயங்காலம் வந்து இதைச் சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கும்தான்.

மறுவருடம் நான் திரும்ப அதே திட்டத்தைச் செய்தேன். எட்டு சனிக்கிழமையும் அத்தை கூட வந்தாள். காவலுக்கு வருகிறேன் என்றாள். ஆனால் நான்தான் அவளைக் காவல் காக்க வேண்டியிருந்தது. பேரம் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். கடைக்காரர் விலை சொல்வார், நான் எழுதுவேன், நகர்வேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பாள். பாவமாக இருக்கும். குடைக்காரர் எழுபது என்றார். நான் எழுபது என்று எழுதினேன். அவர் என்னை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார்.

“என்னம்மா ஒண்ணுமே சொல்லல? உடம்பு சரியில்லையா?”

“படிப்புப்பா” என்றாள் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு. 

நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைகள் குறைவு. ஏதோ ஒரு பொருளின் விலையைத் தவிர எங்களுக்கு வேறு கவலையே இல்லாத மாதிரி இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த எட்டு சனிக்கிழமைக்கு ஏங்குகிறேன்.

அந்தத் தடவை அறுபத்தெட்டு எடுத்தேன். பிறகு விலைவாசிப் புள்ளிவிவர அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். இன்று மேற்பார்வையாளர். மார்க்கெட் மார்க்கெட்டாகப் போய் விலை எடுத்து வருகிறவர்களின் தாள்கள் என் மேசைக்கு வரும். எது கடையில் எழுதியது, எது உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். பொய் விலை ஒழுங்காக ஏறும், நிஜ விலைக்கு ஒழுங்கு கிடையாது. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அனுபவம் என்பேன்.

அத்தைக்கு இப்போது எழுபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து கட்டிலும் நாற்காலியும்தான். நினைவு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் அவளுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போவேன். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்பாள். “முதல்ல என்ன சொன்னான்?”

அவள் விழுந்த மாதத்திலேயே அந்த மார்க்கெட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் குளிர்சாதனம் போட்ட பெரிய கடை ஒன்று நிற்கிறது. எல்லாப் பொருளிலும் விலை அச்சடித்து ஒட்டியிருக்கிறது. பில் போடுகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இதை எப்படி அத்தையிடம் சொல்வது? சொல்லவில்லை. பெரிய கடையில் வாங்கிக்கொண்டு, வருகிற வழியில் விலைகளைப் போட்டுக்கொள்வேன். தக்காளி அறுபது சொன்னான், நாற்பத்தைந்துக்கு முடித்தேன். வெங்காயக்காரன் இன்றைக்கு ஒரே முறைப்பு. குடைக்காரர் உன்னைக் கேட்டார் என்றெல்லாம். அடுத்தவர்களின் பொய் விலைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புகிறவள், சனிக்கிழமை தவறாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு குடை வாங்கிப் போனேன். பழைய எட்டில் கடைசிக் குடையும் கம்பி விட்டுப்போயிருந்தது. அத்தை அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முதல்ல என்ன சொன்னான்?”

“முந்நூறு. பேசிப் பேசி இருநூத்திப் பத்துக்கு வாங்கினேன். குடைக்காரர் பையன்தான் இப்ப கடையில இருக்கான். அப்பா மாதிரியே கறார்.”

“இருநூறுக்கு முடிச்சிருக்கலாம்.”

“விடமாட்டேன்னுட்டான் அத்தை.”

அத்தை குடையை மடக்கிப் பட்டையைச் சுற்றினாள். பொத்தானைப் போட்டாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மார்க்கெட்டை இடிச்சு ரெண்டு வருஷமாச்சுன்னு பால்காரர் அப்பவே சொல்லிட்டார்டி.”

நான் தரையைப் பார்த்தேன். ஐம்பது வயதில், அந்த ஆசிரியர் அறையில் பார்த்த மாதிரியே பார்த்தேன்.

“ஏன் அத்தை இத்தனை நாள் சொல்லல?”

“நீ ஆசையா சொல்றே. நான் ஆசையா கேக்கறேன். இதுல என்ன கொறைஞ்சுபோச்சு?” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “சரி, தக்காளிக்கு வா. முதல்ல என்ன சொன்னான்?”